முகத்துக்கு விட்ட இடம்

அத்தியாயம் பதினான்கு

திறப்புக்கு இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சர்ச் ஃபாதரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, சுவரை மூடியிருக்கும் துணியை விலக்குவதாக ஏற்பாடு. இப்போது மணி ஏழு. பிரசவ ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் தரை துடைத்த ஈரம் காயவில்லை. டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்தாள்.

எனாமல் கரைக்கிற தின்னர் வாசனை அடித்தது.

அவள் நின்றாள். சுவரில் அவள் பங்கு முழுக்கத் தண்ணீரில் கரைக்கும் பெயிண்ட். எழுத்து மட்டும்தான் போர்டு பாயின் எனாமல். அது காய்ந்தே ஆறு நாளாகிவிட்டது. ஆறு நாள் பழைய எனாமல் இப்படி வீசாது.

பெட்டியைக் கீழே வைத்தாள். உடனே துணியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு மாதம் முன்பு இதே ஆஸ்பத்திரியில்தான் அவள் தம்பியின் மனைவி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு இறந்துபோனாள். போர்டு எழுதும் பாயின் ஒரே மகள். இரண்டு வீட்டையும் மீறிப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவள். "எனக்கு மகளே இல்லை" என்று சொல்லி, பாய் அன்றைக்கே அவள் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டார்.

இறந்தவளை எங்கே அடக்கம் செய்வது என்று வாசலில் தொடங்கிய பேச்சு கல்லெறியில் முடிந்தது. கபர்ஸ்தானும் இல்லை, கல்லறைத் தோட்டமும் இல்லை. ஊருக்கு வெளியே பொது இடுகாட்டில் ஒரு மூலை கிடைத்தது. அதற்குப் பிறகு இந்தக் கூடத்தில் இடப்பக்க நாற்காலிகள் ஒரு சாராருக்கு, வலப்பக்க நாற்காலிகள் மறு சாராருக்கு என்று ஆனது. யாரும் எழுதிப் போடவில்லை. தானாகவே ஆனது.

தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர்தான் இந்தச் சுவரைக் காட்டினார். இருபத்திரண்டு அடி நீளம், ஒன்பது அடி உயரம். டிராயிங் டீச்சரான இவளைக் கூப்பிட்டு, "பாய் ஒத்துக்கிட்டார்" என்றார். பாயைக் கூப்பிட்டு, "டீச்சர் ஒத்துக்கிட்டாங்க" என்றார். இரண்டும் பொய். முதல் நாள் இருவரும் தூரிகையோடு எதிரெதிரே நின்றபோதுதான் தெரிந்தது.

"இந்த சிஸ்டரம்மாகிட்ட கல்யாணத் தரகர் எல்லாம் பிச்சை வாங்கணும்" என்றார் பாய். அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வரைவதற்கு, இரண்டு வேதத்திலும் இருக்கிற ஒரு தாய். பாய் கேட்டு வளர்ந்த கதையில் வலி வந்ததும் அவள் பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கேட்டு வளர்ந்த கதையில் தொழுவத்து வைக்கோலில் பெற்றாள். டீச்சர் மரத்தை வரைந்து, அதன் அடியில் வைக்கோலைப் பரப்பினாள். ஒரு கை மரத்தில், ஒரு கை இடுப்பில். சிலுவை கிடையாது, பிறை கிடையாது. முகமும் கிடையாது. புனிதமானவர்களுக்கு முகம் போடக் கூடாது என்பது பாய் வைத்த ஒரே நிபந்தனை. ஆகவே முகம் வர வேண்டிய இடத்தில் முட்டை வடிவில் வெறும் சுவர்.

அன்றைக்கு அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த வெற்று இடம்தான் வேலை செய்தது.

"எங்கக்கா மாதிரியே இருக்கா" என்றாள் இடப்பக்கத்தில் ஒரு கர்ப்பிணி.

"முகமே இல்லையே, எப்படிச் சொல்றீங்க?" வலப்பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நிக்கிற நிலையைப் பாருங்க. நாலாவது பிள்ளைக்கு எங்கக்கா இப்படித்தான் நின்னா. வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டே."

வலப்பக்கத்துக்காரி எழுந்து வந்து இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள், மீதிக் கதையைக் கேட்பதற்காக.

பெயர் எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மரியம் என்றார் பாய். மரியாள் என்றார்கள் சர்ச்சில். இரண்டுக்கும் பொதுவான எழுத்துகளை முதலில் எழுதிவிடலாம், மிச்சத்தைத் திறப்பன்று பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று பாய் ஆரம்பித்தார். 'மரி' என்று எழுதியதும் டீ குடிக்கப் போய்விட்டார். ஐந்தாவது நிமிடம் கூடத்தில் ஒரே அலறல்.

"பிரசவ வார்டு வாசல்ல எந்தப் பாவி 'மரி'ன்னு எழுதி வச்சது? பெத்துக்க வந்தவளைச் செத்துப்போங்கறானா?"

பெரிய சிஸ்டர் டீக்கடைக்கே ஓடினார். பாய் பாதி டம்ளரோடு திரும்பி வந்து 'ய' எழுதினார். இரண்டு பக்கத்து நாற்காலிகளும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்படியாகப் பத்தொன்பது நாள். பாயின் மனைவி மட்டும் இன்னும் பேத்தியைப் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் அந்தச் சுவர் முன்னால ஒண்ணா நிக்கட்டும். நின்னா நான் வர்றேன், பிள்ளையைத் தூக்குறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். டீச்சருக்குச் சுவர் என்றால் அதுதான். நாளைக் காலை பத்து மணிக்கு அந்த அம்மாவின் கையில் குழந்தை.

வேலையின் நான்காம் நாள் பாய் ஒன்று கேட்டிருந்தார்.

"அன்னைக்குக் கடைசியா அவ ஏதாவது சொன்னாளா டீச்சர்?"

பிரசவ அறையில் கடைசிவரை கூட இருந்தவள் டீச்சர்தான்.

"மயக்கத்துல இருந்தா பாய். தூக்கத்துலயே போயிட்டா."

"வலி தெரியாம போனாளே. அது போதும்."

அன்று அவள் ஒரே தூரிகையை மூன்று முறை கழுவினாள். அவள் பெயிண்ட் பெட்டியின் மூடிக்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு செருகியிருக்கும். வேறு எதை எடுத்தாலும் அதை மட்டும் எடுக்க மாட்டாள்.

இப்போது துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

வெற்று இடத்தில் முகம் இருந்தது.

பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. கண்கள் இரண்டுக்கும் கீழே மெல்லிய நீலக் கோடு, சுண்ணக் கயிறு அடித்த தடம். எழுத்து வரிசை கோணாமல் இருக்கப் போர்டு எழுதுகிறவர்கள் அடிக்கிற அடிக்கோடு. படம் வரைகிற யாரும் முகத்துக்கு அப்படிக் கோடு அடிக்க மாட்டார்கள். புருவம் தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பு, தடித்துத் தொடங்கி மெலிந்து முடிந்தது. எழுத்தின் சுழி.

உதட்டின் வலது முனை ஒரு நூல் மேலே ஏறியிருந்தது. கீழுதட்டுக்குக் கீழே ஒரு மச்சம்.

அவர் வீட்டில் மகளின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கிழித்தவர் அவர்தான். நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். நேற்று மாலை டீச்சர் கிளம்பிய பிறகு, தனியாக, இந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். எல்லோரும் அதில் தங்கள் அக்காவை, தங்கள் தங்கையைப் பார்த்தார்கள். அவர் தன் மகளைப் பார்த்துவிட்டார்.

மேலே துணியைப் போட்டதும் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாரா? நாளை எப்படியும் தெரியுமே. அல்லது அவ்வளவு தூரம் நினைக்கவே இல்லையா?

விரலால் தொட்டாள். ஒட்டியது. இன்னும் காயவில்லை.

யோசிக்க நேரமில்லை. சுவர் நிறத்தைக் குழைத்து, அகலத் தூரிகையில் எடுத்து, நெற்றியில் இழுத்தாள். பெயிண்ட் நிற்கவில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு விலகியது. மறுபடி இழுத்தாள். மறுபடி விலகியது. எனாமல் மேல் தண்ணீர் பெயிண்ட் பிடிக்காது என்பது அவள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம்.

"ஐயோ, முகம் போட்டுட்டீங்களா?"

பின்னால் பிளாஸ்க்கோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் கையில் போன் இருந்தது.

அவள் போனில் எடுத்த படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. சுவர், முகம், முகத்தின் மேல் தூரிகை, தூரிகையைப் பிடித்திருக்கும் டீச்சர். எட்டரை மணிக்குள் அது இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

*

பெரிய சிஸ்டரின் அறையில் நான்கு நாற்காலி. யாரும் உட்காரவில்லை. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கூட்டம் நின்றது. நடுவில் ஆம்புலன்ஸ் போகிற அகலம் விட்டிருந்தார்கள்.

ஹஜ்ரத் முதலில் பேசினார். குரல் உயரவில்லை.

"பத்தொன்பது நாளா உனக்காகப் பள்ளிவாசல்ல பேசினவன்மா நான். முகம் இருக்காது, நான் பொறுப்புன்னு சொன்னேன். இப்ப என்னை எந்த முகத்தோட போகச் சொல்ற?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பாடு அதைவிட மோசம். முகம் வந்ததே நல்லதுன்னு நிக்கறாங்க என் ஆளுங்க. எங்க தாயோட முகத்தை எவன் அழிக்கிறான் பார்க்கலாம்னு ஒருத்தர் கம்போட வந்திருக்கார். அவர் கோயிலுக்கு வந்து வருஷம் மூணாச்சு."

"யார் வரைஞ்சது? அதை முதல்ல சொல்லுங்க" என்றார் பெரிய சிஸ்டர். "போன்ல இருக்கற படத்தை நான் நம்பல. டீச்சர், நீங்களா?"

போர்டு பாய் கதவோரமாக நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. அந்த ஆஸ்பத்திரியின் வார்டு எண்கள் எல்லாம் அவர் எழுதியவை. ஏழுக்கு நடுவில் எப்போதும் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுவார். அவருடைய வலது கைக் கட்டைவிரலில் நீலச் சுண்ணப்பொடி இன்னும் ஒட்டியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அவர் வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றாள் டீச்சர்.



"ஏம்மா?" ஹஜ்ரத் கேட்டார்.

"வெறுமையா இருந்துச்சு. போடணும்னு தோணிச்சு."

பாய் வாயை மூடிக்கொண்டார். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். தொழுகை நேரப் பலகை எழுதுகிற கை அது. அவர் சொல்லியிருந்தால் அந்தக் கைக்கு இனிமேல் அங்கே வேலை இருக்காது. நாளை அவர் மனைவி பேத்தியைப் பார்க்க எந்த வாசல் வழியாக வெளியே வருவாள்? டீச்சர் இதையெல்லாம் நினைத்தாள். ஆனால் அவள் சொன்னது அதற்காக மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

செய்தி ஜன்னல் வழியாக வெளியே போனது. வலப்பக்கக் கூட்டத்திலிருந்து கைதட்டல் வந்தது.

"சபாஷ் டீச்சர்! நம்ம வீட்டுப் பொண்ணு!"

தம்பி கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டுப் படி ஏறாத குரல் அது. இடப்பக்கத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து ஜன்னல் கம்பியில் பட்டு விழுந்தது. அந்தச் செருப்பு அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கைதட்டல்தான் தாங்க முடியவில்லை.

பெரிய சிஸ்டர் ஜன்னலைச் சாத்தினார்.

"உள்ளே ரெண்டு பேர் வலியில இருக்காங்க. ஒருத்தி உங்க பக்கம், ஒருத்தி அவங்க பக்கம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கத்தறாங்க. எனக்கு முகமும் வேண்டாம், மரமும் வேண்டாம். சாயங்காலத்துக்குள்ள மொத்தச் சுவருக்கும் வெள்ளை அடிச்சுடறேன். நாற்காலியில எவ எங்க உட்காருவாளோ உட்காரட்டும்."

யாரும் மறுக்கவில்லை. பத்தொன்பது நாளில் ஹஜ்ரத்தும் ஃபாதரும் உடனே ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

*

வீட்டில் தம்பி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

நாளைக்குப் போடுவதற்காக எடுத்து வைத்த குழந்தையின் புதுச் சட்டை கட்டில்மேல் அப்படியே இருந்தது. பதினொரு மாதப் பொடிசு, மூடாத பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரு காலுறையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"வெளியூர் வேலைக்குச் சரின்னு சொல்லிட்டேன்" என்றான். "ஞாயித்துக்கிழமை ரயில்."

"அவசரப்படாதேடா. அந்தம்மா வருவாங்க."

"வர மாட்டாங்களாம். ஆள் வந்து சொல்லிட்டுப் போயாச்சு. 'அந்த வீட்டுக்காரி என் வீட்டுக்காரர் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டா. இனிமே அந்தப் பிள்ளை முகத்துல முழிக்க மாட்டேன்'னாங்களாம்."

டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவன் பெட்டியை விட்டு எழுந்தான். பேண்ட் பையிலிருந்து போனை எடுத்தான். "ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. நீதான் வரைஞ்சியா?"

"ஆமா."

"பொய். உனக்கு முகம் வராது. நீ யாரை வரைஞ்சாலும் உன்னை மாதிரியே இருக்கும். என் ஸ்கூல் நோட்டுல நீ வரைஞ்ச விஞ்ஞானிக்கெல்லாம் உன் மூக்குதான். வாத்தியார் கேட்டார், இது யாருடா உங்கக்காவுக்குச் சொந்தமான்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. அது சட்டென்று நின்றது.

படத்தைப் பெரிதாக்கினான். தூரிகை, கை, சுவர் எல்லாம் ஓரத்துக்குப் போய்த் திரையில் முகம் மட்டும் நின்றது.

"இது அவதான்க்கா. அந்த மச்சம் வரைக்கும்." விரலை மச்சத்தின் மேல் வைத்தான். "இப்படி அவளை யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். இன்னொருத்தருக்குத் தெரியும். நீ யாரைக் காப்பாத்தறே?"

அவள் கைநீட்டிக் கட்டில்மேல் இருந்த புதுச் சட்டையை எடுத்து மடித்தாள்.

"செத்த அன்னைக்குக்கூட வந்து எட்டிப் பார்க்காத மனுஷன் அவர். அவருக்காக நீ ஏன்..."

"வர முடியாம இருந்திருக்கும்."

"தகவல் தெரிஞ்சிருந்தா பகையாளிகூட வருவான். வரலைன்னா மனசு வரலைன்னு அர்த்தம்."

டீச்சர் எழுந்து குழாயடிக்குப் போனாள். முகம் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

திரும்பி வந்தபோது பொடிசு போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு அதை நக்கிப் பார்த்தது. ருசியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, மறுபடி காலுறையை எடுத்துக்கொண்டது.

*

மூன்று மணிக்கு வெள்ளையடிக்கிறவர் வந்தார். ஏணி, இரண்டு வாளி, தலையில் துண்டு. கூடத்தில் கர்ப்பிணிகளை வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். வாசலில் இரண்டு பக்கமும் சாட்சிக்கு நான்கைந்து பேர் நின்றார்கள். ஹஜ்ரத்தும் பாயும் நின்றார்கள்.

பேரீச்ச மரம் முதலில் போனது. மேலிருந்து கீழே உருளையை உருட்ட, ஓலை, குலை, தண்டு என்று போனது. வைக்கோல் போனது. வைக்கோல் ஒவ்வொன்றையும் அவள் தனித்தனியாக இழுத்திருந்தாள். அதற்கு மட்டும் மூன்று நாள். இப்போது நாலு உருட்டு.

இடுப்பில் வைத்த கை போனது. மரத்தைப் பிடித்த கை போனது. நீல முக்காடு போனது.

முகம் போகவில்லை.

அவர் அடித்தார். வெள்ளை திரண்டு வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். வெள்ளைச் சுவரின் நடுவில், எதனோடும் சேராமல், ஒரு பெண்ணின் முகம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன இது, பேய் மாதிரி" என்றார் வாசலில் ஒருவர்.

வெள்ளையடிக்கிறவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "இது ஆயில் பெயிண்டுல்ல? ஏன்க்கா, நீங்க தண்ணி பெயிண்டுலதானே வேலை செய்வீங்க? ஆயிலு பாயோட சரக்காச்சே."

அவர் சத்தமாகப் பேசுகிறவர். வாசலில் எல்லோரும் திரும்பிப் பாயைப் பார்த்தார்கள்.

"அவர் டப்பாவை எடுத்து நான் வரைஞ்சேன்" என்றாள் டீச்சர். "கேக்காம எடுத்தேன்."

ஹஜ்ரத் அவளைப் பார்த்தார். பிறகு பாயின் கையைப் பார்த்தார். குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"அப்ப சுரண்டித்தான் எடுக்கணும்" என்றார் வெள்ளையடிக்கிறவர்.

"பாய் சுரண்டட்டும்" என்றார் வாசலில் ஒருவர். "உங்க டப்பா, உங்க கையாலயே எடுத்துடுங்க பாய். நாளைக்கு யாரும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். யாரோ சுரண்டும் தகட்டைப் பாயின் கையில் கொடுத்தார்கள். அவர் ஏணியில் இரண்டு படி ஏறினார். முகத்துக்கு நேராக அவர் முகம் வந்தது. தகட்டை நெற்றியில் வைத்தார். அப்படியே நின்றார். பின்னால் இருப்பவர்களுக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. டீச்சர் நின்ற இடத்திலிருந்து அவர் தாடை நடுங்குவது தெரிந்தது.

"இறங்குங்க பாய்" என்றாள். "நான் போட்டதை நான் எடுக்கறேன்."

தகட்டை வாங்கிக்கொண்டு ஏறினாள். காயாத எனாமல் தூளாக உதிராது. தோலாக உரியும். நெற்றியிலிருந்து தொடங்கினாள். கண்ணுக்கு வந்தபோது தன் கண்ணை மூடிக்கொண்டாள். கை பழகிய கை, தானாகவே போனது. உரிந்த சுருள்களைக் கீழே போட மனம் வரவில்லை. துப்பட்டா முனையில் வாங்கிக்கொண்டாள்.

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அழிவதைப் பார்க்கத்தான் வந்தார்கள். பார்க்க முடியவில்லை.

*

ஐந்தரை மணிக்குக் கூடத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள். வெள்ளையடிக்கிறவர் வாளி கழுவப் போயிருந்தார்.

எழுத்து மட்டும் பாக்கி. அதுவும் எனாமல். பாய் தரையில் உட்கார்ந்து அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆறு நாள் காய்ந்தது, தூளாக உதிர்ந்தது. வலப்பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தார். 'ய' போனது. கை நின்றுவிட்டது.

சுவரில் 'மரி' என்று இருந்தது.

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை.

அவர் தகட்டைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு முதல்லயே தெரியும்."

"அடிக்கோடு போட்டிருந்தீங்க."

"கை பழக்கம்." லேசாகச் சிரித்தார். "நாப்பது வருஷப் பழக்கம். கோடு அடிக்காம கை ஓடாது. கண்ணு ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கணுமேன்னு..." சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "ஒரே ஒரு நிமிஷம் பார்த்துட்டு அழிச்சிடலாம்னுதான் நெனச்சேன். போட்டு முடிச்சதும் அவ என்னைப் பார்த்தா. அழிக்கக் கை வரல. துணியைப் போட்டு மூடிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன். கோழை."

"விடுங்க பாய்."

"காலையில வாயைத் திறந்தேன். நீங்க முந்திட்டீங்க. முந்தினதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதை நெனச்சாத்தான்..." முழங்கையால் கண்ணைத் துடைத்தார். "நாளைக்கு ஜும்ஆ. எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு சொல்லப் போறேன். போட்டது நான், அது என் மகள்னு. என் மகளுக்குக் கடைசியில நீங்க மட்டும்தான் துணை. உங்க மேல பழி நிக்கக் கூடாது."

டீச்சர் துப்பட்டா முனையை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே அந்தச் சுருள்கள்.

"தாய் தகப்பன் இல்லாத பையனை வளர்த்து ஆளாக்கினவங்க நீங்க" என்றார். "அந்த முறைக்கு நான் உங்களை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். ரெண்டு வருஷமா நாக்கு வரல." அவர் நிமிர்ந்து பார்த்தார். "சம்பந்தி."



அவள் பெயிண்ட் பெட்டியைத் திறந்தாள். மூடிக்குள் செருகியிருந்த சீட்டை எடுத்தாள். பதினொரு மாத மடிப்பு, ஓரம் பிய்ந்திருந்தது. அவர் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம். பென்சிலில் பத்து எண்கள். அதில் இரண்டு ஏழு. இரண்டுக்கும் நடுவில் சின்னக் குறுக்குக் கோடு.

"இது என் நம்பர்" என்றார். பிறகு, மெதுவாக, "இது அவ எழுத்து." சீட்டைத் திருப்பினார். அங்கே அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். "மயக்கத்துல இருந்தான்னு சொன்னீங்களே."

"இல்ல பாய்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "இல்ல. நாலு மணி நேரம் முழிச்சிருந்தா. 'அத்தாவைக் கூப்பிடுங்க அண்ணி'ன்னு உங்களை மூணு தடவை கேட்டா. நீங்க சண்டைக்கு ஆளைக் கூட்டிக்கிட்டு வருவீங்கன்னு பயந்தேன். குழந்தை பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். கூப்பிட்டாச்சு, வந்துக்கிட்டே இருக்கார்னு அவகிட்ட சொன்னேன். கதவையே பார்த்துக்கிட்டு இருந்தா."

பாய் சீட்டைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"நான் கூப்பிடவே இல்ல பாய்."